ஈரம் புகாத சாலை

லோத்குண்டாவில் மழை விட்டிருந்தது. சௌம்யா போட்ட சோதனைச் சாலையில் குழிக்குக் குழி தண்ணீர் நின்றது. தாரில் வழக்கமான கல்தூளுக்குப் பதிலாக, பதப்படுத்திய சுண்ணாம்புத் தூளைக் கலந்திருந்தாள். ஈரம் புகாது, தார் பெயராது என்பது அவள் வாதம். இன்று தேறாவிட்டால் அவளுடைய ஆராய்ச்சிக்கு மூடுவிழா.

"ஈரம் புகாதாம்! என் ஸ்கூட்டர் சக்கரமே புகுந்துடுச்சு," என்றார் டீக்கடை அப்துல் காதர். "இந்த ரோடு நக்கோ மேடம், வேணவே வேணாம், பழசே போடுங்க."

தலைமைப் பொறியாளர் ஜம்புநாதன் காரிலிருந்து இறங்கினார்.

"என்னம்மா இது, ஒரு மழைக்கே இத்தனை குழியா?"

"குழியோட ஓரத்தைப் பாருங்க சார். ஒரு ஜல்லியாவது பெயர்ந்திருக்கா?"

குடை நுனியால் நெருடிப் பார்த்தார். எதுவும் உதிரவில்லை. எல்லாக் குழிகளும் ஒரே அளவு. தட்டைக் கவிழ்த்து வரைந்ததுபோல் வட்டம்.

"மழை இப்படியா தோண்டும்?"

"மழை தோண்டலை சார். தண்ணி புகுந்திருக்கான்னு பார்க்க, உங்க ஆபீஸ்ல ஒவ்வொரு பிரிவும் மெஷினோட வந்து ஆளுக்கொரு துண்டு அறுத்துட்டுப் போனாங்க. குழியை மூடறது வேற பிரிவாம். அவங்க வரவே இல்லை."

"துண்டெல்லாம் என்ன ஆச்சு?"

"அத்தனையும் பாஸ் சார்."

"அப்போ நல்ல ரோடுதான்!" என்றார் ஜம்புநாதன். சௌம்யாவுக்கு மூச்சு வந்தது.

அவர் டிரைவரைக் கூப்பிட்டார்.

"மெஷினை வரச்சொல்லுய்யா. கையெழுத்துப் போடறவன் நான், என் கண்ணால ஒரு துண்டு பார்க்க வேண்டாமா?"