பதினோரு சிவப்பு ஒயர்கள்

மழை விட்ட மாலை வெளிச்சம் பைன் மரங்களுக்கிடையே சாய்ந்து, இடலீனா குடியிருக்கும் வீட்டு வண்டியின் சின்ன ஜன்னல் வழியே அவள் கைகளில் விழுகிறது. அவள் இருக்கைப் பலகையைத் தூக்கி வைத்துவிட்டு, அடியிலிருக்கும் பேட்டரியின் முன் மண்டியிட்டிருக்கிறாள். இரண்டு நாளாக ஹீட்டர் ஓடவில்லை. கடற்காற்றில் விரல்கள் விறைக்கின்றன. பேட்டரியிலிருந்து கிளம்பும் பதினோரு ஒயர்களும் சிவப்பு. "எல்லாத்தையும் ஒரே நிறத்துல போட்டு வச்சா மனுஷி எப்படிக் கண்டுபிடிக்கிறது?" என்கிறாள். தரையில் கிடக்கும் போனில் ஆபீலியோ சிரிக்கிறான். இந்த ஒயர்களையெல்லாம் இழுத்தவன்; மூன்று வருடம் முன்பு வண்டியை அவளுக்கு விட்டுவிட்டு இன்னொருத்தியோடு போன கணவன். "அன்னைக்குக் கடையில அதுதான் இருந்துச்சு. தடியா இருக்கே, அது ஹீட்டர். முனை கழண்டிருக்கும் பாரு." கழன்றுதான் இருக்கிறது. அதை மாட்டி முறுக்குகிறாள். அவன் சொல்லச் சொல்ல, காயத்துக்கு ஒட்டும் பிளாஸ்டரைக் கிழித்து, எது எதற்கு என்று எழுதி, ஒவ்வொரு ஒயரிலும் சுற்றுகிறாள். கடைசி ஒயர் எதிலும் போய்ச் சேரவில்லை. "இந்த மெல்லிசு எதுக்கு?" "நீ படுத்துக்கிட்டுப் படிப்பியே. அந்தப் பக்கம் ஒரு விளக்கு வைக்கலாம்னு இழுத்தேன். அப்புறம் வைக்கல." அவனுக்குப் பின்னாலிருந்து ஒரு பெண் குரல் சூப்பு குடிக்கக் கூப்பிடுகிறது. "போ, சூப்பு ஆறிடும்," என்கிறாள் இடலீனா. சுவிட்சைப் போட்டதும் ஹீட்டர் உறுமிச் சூடாகிறது. அவள் அந்த மெல்லிய ஒயரின் செம்பு முனையை டேப்பால் மூடுகிறாள். பிறகு இன்னொரு துண்டு பிளாஸ்டர் கிழித்து, 'விளக்கு' என்று எழுதி, அதில் சுற்றுகிறாள்.