கறுப்புக் கட்டை

நிர்மலா ராகி டப்பாவோடு கிளம்பியபோது, அவள் கணவன் சவுரியப்பன் கீபோர்டில் சி மேஜர் ஸ்கேல் வாசித்துக்கொண்டிருந்தான்.

மேலே போனான். கீழே வந்தான். மறுபடி மேலே.

"அரைச்சிட்டு ஓடியாந்துடறேங்க. அதுவரைக்கும் வாசிங்க" என்றாள். அவன் சரியென்று தலையாட்டினான்.

ஜாஸ் பியானோ வாசிப்பவனுக்கு ஸ்கேல்தான் சாதகம். அது விரலில் ஊறிவிட்டால்தான், பாட்டுக்கு நடுவில் மனசில் தோன்றுவதை அந்த நொடியே கையால் வாசிக்க முடியும். கல்யாணமான புதிதில் அவனே அவளுக்குச் சொன்னது இது. சி மேஜர் முழுக்க வெள்ளைக் கட்டைகள்தான், கறுப்புக்கு அங்கே வேலையே இல்லை என்றும் சொல்லியிருக்கிறான். சங்கீதத்தில் அவளுக்குத் தெரிந்தது அவ்வளவுதான்.

பாப்பாரப்பட்டிக்குக் குடிவந்ததும் கீபோர்டை ஜன்னலோரம் போட்டுக்கொடுத்தவள் அவள். காலையில் டீ குடித்தானதும் "உக்காருங்க" என்பாள். உட்காருவான். "போதும்" என்பாள். எழுந்துவிடுவான்.

மில்லில் கூட்டம். எதிர்வீட்டுக் குள்ளம்மாள் கம்புப் பையோடு பக்கத்தில் நின்றாள்.

"உங்க வூட்டுக்காரரு பொறுமை யாருக்கு வருங்க? தெனம் அதையேதான் வாசிக்கறாரு. எங்க வூட்லயும் ஒரு ஆளு இருக்குதே, அஞ்சு நிமிசம் ஒரு எடத்துல குந்தாது."

நிர்மலா சிரித்துவைத்தாள்.

அவளுடைய ராகியைக் கொட்டிய கையோடு மெஷின் பெல்ட் அறுந்தது. வேறு பெல்ட் வாங்கிவர மில்காரர் வண்டியை எடுத்துக்கொண்டு போனார். இதோ வந்துவிடுகிறேன் என்றுதான் போனார்.

நேரம் போகப் போக நிர்மலாவுக்கு இருப்புக் கொள்ளவில்லை.

போன மாதம் இப்படித்தான், சந்தைக்குப் போனவள் மழைக்கு ஒதுங்கியதில் நேரமாகிவிட்டது. திரும்பிவந்து பார்த்தால் அவன் வாசித்துக்கொண்டே இருந்தான். விரல்கள் வீங்கிப்போயிருந்தன. பதறிப்போய்க் கையைப் பிடித்து நிறுத்தினாள்.

"வலிக்கலையாங்க?"

"வலிக்குது."

"அப்பறம் ஏன் நிறுத்தல?"

அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தான்.

ராகி எங்கேயும் ஓடிவிடாது. டப்பாவைக் குள்ளம்மாளிடம் பார்த்துக்கொள்ளச் சொல்லிவிட்டு, ஓட்டமும் நடையுமாகக் கிளம்பினாள்.

தெருமுனையிலேயே கேட்டது. அதே சி மேஜர். வேகம்கூட மாறவில்லை. இந்நேரம் விரல்கள் என்ன கதியில் இருக்கின்றனவோ.

நடக்க நடக்கக் கேட்டுக்கொண்டே வந்தவள் சட்டென்று நின்றாள்.

நடுவில் ஒரு கறுப்புக் கட்டை.

தினமும் கேட்டுப் பழகிய காது. அது வெள்ளை இல்லை என்று அவளுக்குத் தெரிந்துவிட்டது. அதோடு வாசிப்பும் நின்றுபோனது.

ஸ்கேலில் அவன் ஒருநாளும் தப்பு செய்ததில்லை. அவள் சொல்லாமல் நிறுத்தியதும் இல்லை. மயங்கி விழுந்துவிட்டானா?

ஓடினாள்.

கேட்டில் கை வைத்தபோது அந்தக் கறுப்புக் கட்டை மறுபடி ஒலித்தது. இந்தமுறை நன்றாக அழுத்தி.

கொஞ்சம் பொறுத்து, மூன்றாம் முறை. இப்போது இடது கையும் வந்து அதற்கடியில் மூன்று கட்டைகளைச் சேர்த்தழுத்தி ஒரு கார்டு போட்டுத் தாங்கிக்கொண்டது. இப்போது கேட்கும்போது அது தப்பாகவே தெரியவில்லை.

அங்கிருந்து வலது கை கிளம்பியது. மேலே போவதுபோலப் போய்ப் பாதியில் திரும்பியது. ஓரிடத்தில் நின்று வம்பு பேசியது. பேசியது போதுமென்று தாவிக் குதித்து ஓடியது. அவள் அதுவரை கேட்டிராத ஏதோ ஒன்று. அந்த நிமிஷம் அவனே இட்டுக்கட்டிக்கொண்டிருந்தான்.

நிர்மலா செருப்பைக்கூடக் கழற்றாமல் கதவோரம் நின்றாள்.

வாசித்து முடித்துவிட்டு அவன் திரும்பினான். நெற்றி சுருங்கியிருந்தது.

"மேலயும் கீழயும் இன்னும் எத்தன நாளைக்கு? போரடிக்குது நிர்மலா."

"என்னங்க சொன்னீங்க?"

"போரடிக்குதுங்கறேன். காது கேக்கலயா?"

எரிந்து விழுந்தான். அவள் அப்படியே தரையில் உட்கார்ந்துவிட்டாள். வருவது அழுகையா சிரிப்பா என்று அவளுக்கே பிடிபடவில்லை.

இங்கே குடிவருவதற்கு முன், சேலத்தில் ஒரு ரிசப்ஷனுக்கு வாசித்துவிட்டுத் திரும்பும்போது, தொப்பூர் மேட்டில் அவன் பைக்கை லாரி தட்டியது. தலையில் ஆபரேஷன். உயிர் தங்கியது, பேச்சு தங்கியது, கையும் தங்கியது. சாப்பிடச் சொன்னால் சாப்பிட்டான், படுக்கச் சொன்னால் படுத்தான். அன்றிலிருந்து அவனாக எதையும் கேட்டதும் இல்லை, எதையும் வேண்டாமென்று சொன்னதும் இல்லை.

ஸ்கேல் வாசிக்கவிடச் சொன்னது ஆபரேஷன் செய்த டாக்டரம்மாதான். கடைசியாகப் பார்த்தபோது அந்த அம்மா நிர்மலாவின் தோளைத் தொட்டுச் சொன்னார்.

"பழகுனத கை மறக்காதும்மா, அது வாசிக்கும். அத வெச்சு ஒண்ணும் சொல்ல முடியாது. ஆனா ஒருநாள் அவரா, எனக்கு போரடிக்குதுன்னு சொல்லணும். அன்னைக்கு எந்நேரமா இருந்தாலும் எனக்கு போன் பண்ணுங்க."

நிர்மலா கண்ணைத் துடைத்துக்கொண்டு போனை எடுத்தாள்.