முனிரத்தினத்துக்கும் சென்னம்மாளுக்கும் பொருத்தம்

அரூரில் இப்போது யாரும் ஜாதகம் கேட்பதில்லை. ரத்தப் பொருத்த நிலையத்தில் பச்சை விளக்கு எரிந்தால்தான் கல்யாண மண்டபமே கிடைக்கும்.

நிலையத்தைக் காலையில் திறப்பவன் மாதேஷ். வந்தவர்களைச் சோதிக்குமுன், சேரக்கூடாத ஒரு ஜோடியின் ரத்தத்தை இயந்திரத்தில் வைத்துப் பார்க்க வேண்டும். சிவப்பு எரிந்தால் இயந்திரம் சரியாக இருக்கிறதென்று அர்த்தம். அதற்காக அவன் வைத்திருப்பது தன் பெற்றோரின் ரத்தத்தை. முனிரத்தினம், சென்னம்மாள் இருவருக்கும் ஒரே மரபணுத் துண்டு விடுபட்டிருந்தது. அதனால்தான் கைக்குழந்தையிலிருந்தே மாதேஷ் மாதாமாதம் பிறர் ரத்தம் ஏற்றிக்கொண்டு வாழ்கிறான். அப்பா போய்ச் சேர்ந்துவிட்டார். அவர் ரத்தம் மட்டும் குளிர்பெட்டியில் இருக்கிறது.

தினமும் சிவப்புத்தான் எரியும். அன்று பச்சை எரிந்தது.

இயந்திரம் பழுது, உடனே அணைக்க வேண்டும். மாதேஷ் அணைக்காமல் வீட்டுக்குப் போன் போட்டான்.

“எம்மா, உனக்கும் அப்பாவுக்கும் பொருந்துதாம்.”

மறுமுனையில் கரண்டிச் சத்தம் நின்றது.

“இத்தினி வருசமா வேணாம்னுதானடா சொல்லிக்கிட்டிருந்துச்சு?”

“மெஷின் ரிப்பேரும்மா.”

“யார் சொன்னது? இன்னிக்குத்தான் அதுக்குப் புத்தி வந்திருக்கு.” மூக்கை உறிஞ்சிக்கொண்டாள். “அணைச்சுடாதடா. புடவைய மாத்திக்கிட்டு வந்துடறேன், ஒரு தரம் பாத்துக்கறேன்.”

வாசலில் ஜோடிகள் பொறுமையிழந்து கதவைத் தட்டினார்கள்.

“கொஞ்சம் இருங்க,” என்றான் மாதேஷ். “மொத ஜோடி இன்னும் வரல.”