எண்பது வயதுக் கண்ணாடி

ஐந்து உலோகங்களைச் சரிபங்காகக் கலந்து வார்த்த அந்த வில்லை எண்பது வருடமானாலும் உள்ளுக்குள் உலோகம் உலோகமாகப் பிரியாது என்று எழில்மதி கணித்திருந்தாள். சூட்டில் காலம் விரைந்து ஓடும் என்பதால், எண்பது வருடத்துக்கு ஈடாக அதை ஒரு வருடம் உலையில் வாட்டி எடுத்தார்கள். ஆய்வக உதவியாளர் இருதயராஜ் கண்ணாடியாகும்வரை தேய்த்து அவள் கையில் தந்தார். எண்பது வருடங்களுக்கு அப்பாலிருந்து அவள் முகம், ஒரு சுருக்கமும் இல்லாமல், அவளைப் பார்த்தது.

"எங்க ஊர்ல கட்டுற அணு உலைக்குத்தானே மேடம் இது?"

"ஆமாண்ணே."

பிரிந்திருக்கிறதா என்பதை அமிலம் அரிக்கும் தடம்தான் காட்டும். எப்படியானாலும், பட்டதும் கண்ணாடி மங்கிவிடும். அவர் சொட்டுக்குழாயை எடுத்தார்.

"விடட்டுமா?"

"இருங்க. உங்க வீடு உலைக்கு எவ்வளவு தூரம்?"

"மாடியில நின்னா தெரியும்."

சொட்டுக்குழாயை வாங்கி, கண்ணாடியில் தெரிந்த தன் முகத்தின் மேல் அவளே ஒரு சொட்டு விட்டாள்.