வக்காலத்து

கைது செய்து இருபத்திரண்டு மணி நேரம் ஆகியிருந்தது. இன்னும் இரண்டு மணி நேரத்துக்குள் அவனை மாஜிஸ்திரேட் முன் நிறுத்தியாக வேண்டும். ரயில் நிலையக் குண்டுவெடிப்பு வழக்கில் யாரும் ஆஜராகக் கூடாது என்று தீர்மானம் போட்டவர் வழக்கறிஞர் சங்கத் தலைவர் சந்தானகோபாலன். அதை மீறியதற்காகப் பொற்கொடியைச் சங்கத்திலிருந்து நீக்கியவரும் அவர்தான். இப்போது அவளுடைய அறையில், அவள் எதிரே உட்கார்ந்திருந்தார்.

"அஞ்சாவதா ஒருத்தனைப் பிடிச்சிருக்காங்க. நீ ஆஜராகணும்மா."

"நான்தான் துரோகியாச்சே சார். உங்க ஆளுங்க என் போர்டுல மை ஊத்தினாங்களே, வரும்போது பார்த்தீங்களா?"

"பழசை விடும்மா. நேரமில்ல."

"மத்த நாலு பேருக்கு நான் நின்னப்போ, குண்டு வெச்சவனுக்கு எதுக்குடா சட்டம்னு மைக்குல கத்தினது யாரு?"

"விசாரிக்காம ஒருத்தனை எப்படிம்மா குற்றவாளின்னு சொல்றது?"

பொற்கொடிக்குப் பற்றிக்கொண்டு வந்தது. இதையே அவள் பொதுக்குழுவில் சொன்னபோது நாற்காலிகள் பறந்தன. கடிகாரத்தைப் பார்த்தாள். இவரோடு வாதாடிக்கொண்டிருந்தால் அவனைச் சிறைக்கு அனுப்பிவிடுவார்கள். வக்காலத்துப் படிவத்தை எடுத்துப் பேனாவைத் திறந்தாள்.

"பேரு?"

"பிரசன்னா."

"வயசு?"

"இருபத்தாறு."

"தகப்பனார் பேரு?"

அவர் படிவத்தைத் தன் பக்கம் திருப்பி, அவள் எழுதியிருந்த இரண்டு வரிகளையும் மெதுவாகப் படித்தார்.

"சார், தகப்பனார் பேரு. கோர்ட்டு நமக்காகக் காத்திருக்காது."

"என் பேரை எழுதும்மா."