அண்ணி அனுப்பிய கார்டு

“ஒரு தேங்க்ஸ் சொல்ல வாய் வலிக்குதா உங்க தங்கச்சிக்கு?”

வெளியூர் டூட்டி முடிந்து வந்த கணவன் இன்னும் டிரைவர் சட்டையைக்கூடக் கழற்றவில்லை.

“எதுக்கு தேங்க்ஸ்?”

“எதுக்கா? ஆபரேஷன் முடிஞ்சு வீட்டுக்கு வந்தவளுக்கு என் கையால வாழ்த்து கார்டு பண்ணி அனுப்பினேனே! செவ்வாய்க்கிழமையே கூரியர் போய்ச் சேர்ந்தாச்சு. இன்னிக்கு வெள்ளி. மூச்சு விடலை மகாராணி!”

இவள் வாட்டர்கலர் கற்றுக்கொள்ள ஆரம்பித்து மூன்றே வாரம். பென்சில் கோடு கிடையாது. பிரஷ்ஷை அழுத்தி எடுத்தால் இதழ் வர வேண்டும். வரவில்லை. நசுங்கிய தக்காளியாகவே வந்து பத்தொன்பது தாள் குப்பைக்குப் போனது. இருபதாவது தாளில்தான் நாலு ரோஜா ரோஜாவாக நின்றது.

“முடியாம படுத்திருக்கா. விடேன்.”

“படுத்துக்கிட்டே போன்ல சொல்ல முடியாதா? கடையில வாங்கின கார்டுன்னா நான் ஏன் கேட்கப்போறேன்? இது என் உழைப்பு! கிளம்புங்க, நேர்லயே கேட்கறேன்.”

நாத்தனாரின் புருஷனுக்குக் கப்பலில் வேலை. தனியாகத்தான் இருந்தாள். ஆனால் கதவைத் திறந்தது எதிர்வீட்டு டீச்சர்.

நாத்தனார் கட்டிலில் சாய்ந்து உட்கார்ந்திருந்தாள். பக்கத்து ஸ்டூலில் தண்ணீர் டம்ளர். டம்ளருக்கு மூடியாக அந்தக் கார்டு!

இவளுக்கு ரத்தம் தலைக்கேறியது.

“யாரு பண்ணின வேலை இது?”

“நான்தான் மூடி வச்சேன் அண்ணி.”

“எவ்வளவு திமிர் உனக்கு! அது என்ன விலைன்னு தெரியுமா? மூணு வாரத் தவம்டி அது!”

“பூ அழகாத்தான் இருக்கு. உள்ளே என்ன எழுதியிருக்கீங்கன்னு கொஞ்சம் சத்தமா படிங்களேன்.”

“படிக்கணுமா? எழுதினவளுக்குத் தெரியாதா? ‘எந்த நேரமானாலும் ஒரு போன் பண்ணு, ஓடி வர்றேன்’. இதுல என்ன குத்தம் கண்டே?”

“பண்ணினேனே!” நாத்தனார் கத்திய வேகத்தில் வயிற்றைப் பிடித்துக்கொண்டாள். “போன சனிக்கிழமை மத்தியானம் தையல் பிரிஞ்சு ரத்தம் நிக்கவே இல்லை. ஆறு தடவை பண்ணினேன்!”

கணவனுக்கு முகம் வெளுத்தது. “எனக்கு ஏன்மா பண்ணலை?”

“நீ பஸ் ஓட்டிக்கிட்டிருந்தே அண்ணா. எடுக்க மாட்டேன்னு தெரியும். அப்புறமும், நீ ஊர் திரும்பட்டும்னுதான் இருந்தேன்.”

“சுவரைப் பிடிச்சுக்கிட்டே வந்து என் கதவைத் தட்டினா,” என்றார் டீச்சர். “அரை மணி நேரம் தாமதிச்சிருந்தா அவ்வளவுதான்னு டாக்டர் என்னைத் திட்டினார்.”

கணவன் இவள் பக்கம் திரும்பினான். “சனிக்கிழமை எங்கேடி போயிருந்தே?”



இவள் எங்கேயும் போகவில்லை. மேஜை முன்னால்தான் உட்கார்ந்திருந்தாள். போனில் நாத்தனார் பெயர் வந்து வந்து போனதையும் பார்த்தாள். எடுத்துப் பேசினால் தாளில் ஈரம் காய்ந்துவிடுமே என்று, போனைக் கவிழ்த்து வைத்துவிட்டு நாலாவது ரோஜாவை வரைந்து முடித்தாள்.