செவலையின் தீனிப்பை

விடிந்துவிட்டது. தையல்காரி கொல்லைப்புறத்தில் குந்தி, செவலைக்கோழியை மடியில் இடுக்கிக்கொண்டு அதன் கழுத்துக்குக் கீழே தடவிப் பார்க்கிறாள். நேற்றுத் தின்றதெல்லாம் இறங்கி, தீனிப்பை இந்நேரம் காலியாகியிருக்க வேண்டும். கல்லுமாதிரி கிடக்கிறது. அலகைத் திறந்து இரண்டு சொட்டு எண்ணெய் விட்டு, தீனிப்பையை மெல்லப் பிசைகிறாள். அலகோரம் ஒரு சிவப்பு நூல் எட்டிப் பார்க்கிறது. தையல் மிஷினடியில் சேரும் நூல் துணுக்குகளைத் தினமும் இங்கே பெருக்கித் தள்ளுகிறவள் அவள்தான்; புழுவென்று நினைத்துக் கோழி விழுங்கியிருக்கிறது. இழுத்தால் உள்ளே அறுத்துவிடும். வெளியே தெரிகிற நுனியை மட்டும் கத்தரியால் நறுக்குகிறாள். பல் துலக்கிக்கொண்டே மாமியார் வந்து நிற்கிறாள். "என்னமா கொழுத்திருக்கு! நம்ம வீட்டுத் தீனி அப்படி." "கொழுப்பில்லை அத்தை, அடைப்பு. உள்ள ஒண்ணும் இறங்காம பட்டினியில சாகுது. டாக்டர்கிட்ட காட்டணும்." "நல்லாருக்குடி! மாசக்கணக்கா இருமுற, உன்னையே காட்டலை. கோழிக்கு டாக்டராம்!" கதவு சாத்தப்படுகிறது. இடுப்பில் செருகியிருந்த போன் அடிக்கிறது. அவளுடைய அம்மா. "அங்க உன்னை நல்லாப் பார்த்துக்கிறாங்களாடி?" அவள் கை இன்னும் அந்தக் கட்டியின்மேல்தான் இருக்கிறது. கிளம்பி வருகிற இருமலை விழுங்கிக்கொண்டு சொல்கிறாள்: "எனக்கென்னம்மா குறைச்சல்?"